எங்கள் பள்ளியின் விக்கிப்பீடியா பக்கம்: நாங்கள் திருத்தினால் ஏன் நிற்பதில்லை?

கேள்வி: ஜூன் 10, 2024, மாலை 5.20

ஆங்கில விக்கிப்பீடியாவில் எங்கள் பள்ளிக்கு ஒரு பக்கம் இருக்கிறது. யார் தொடங்கினார்கள் என்று தெரியவில்லை. அதில் கட்டண சர்ச்சை என்று ஒரு நீளமான பத்தி. 11 வருடத்துக்கு முந்தைய விஷயம். இன்று அதை எடுத்துவிட்டு பள்ளியின் சாதனைகள், நவீன ஆய்வகம், நீச்சல் குளம், சிசிடிவி வசதி எல்லாம் சேர்த்தேன். பத்தே நிமிடத்தில் பழையபடி ஆகிவிட்டது. நான்கு முறை மாற்றிப் பார்த்துவிட்டேன். இணைப்பு கீழே. எங்கள் பள்ளியைப் பற்றி எங்களுக்குத் தெரியாதது வெளியாளுக்குத் தெரியுமா? யாரிடம் புகார் கொடுப்பது?

பதில்: ஜூன் 10, இரவு 9.45

புகார் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மாட்டுவது நீங்கள்தான். ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் அடுத்தவர் தொகுப்பை மீளமைத்தால், அதாவது அவர் செய்த திருத்தத்தைப் பழையபடி மாற்றினால், தடை வரும். நீங்கள் நான்கைத் தொட்டுவிட்டீர்கள். எதிர்த்தரப்பில் ஒரே ஆள் இல்லை, இரண்டு பேர் மாறி மாறிச் செய்திருக்கிறார்கள், அதனால் அவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். இன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

அப்புறம், 'எங்கள் பக்கம்' என்று அங்கே ஒன்று கிடையாது. பள்ளி உங்களுடையது, பக்கம் பள்ளியைப் பற்றியது. அவ்வளவுதான்.

ஜூன் 10, இரவு 11.10

தூக்கம் வரவில்லை, யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து நீங்கள் சேர்த்ததைப் படித்தேன். கோபப்படாதீர்கள், சேர்க்கை நேரத்தில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிப் போவார்களே, அதை ஆங்கிலத்தில் எழுதியது மாதிரி இருக்கிறது. இளம் உள்ளங்களைச் செதுக்கும் கலைக்கூடமாம். எந்தப் பள்ளிதான் செதுக்கவில்லை? சிசிடிவி எந்தக் கலைக்களஞ்சியத்தில் வரும்? பலசரக்குக் கடையில்கூட நான்கு தொங்குகின்றன.

அதைவிட ஒன்று கண்ணில் குத்தியது. '2019 பிளஸ் டூ தேர்வில் மாநில முதலிடம்' என்று போட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் 2017 மே மாதத் தேர்வு முடிவிலிருந்தே முதல் மூன்று இடம் அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். இல்லாத இடத்தை எப்படிப் பிடித்தீர்கள்? யாரோ பிளெக்ஸ் பேனரைப் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 11, காலை 6.30

நேற்று கொஞ்சம் காரமாகப் போய்விட்டது. எனக்கு அந்த யோக்கியதை இல்லை என்பதால் சொல்கிறேன்.

2009இல் நான் விக்கிப்பீடியாவுக்குள் நுழைந்ததே நான் படித்த மெட்ரிக் பள்ளியின் பக்கத்தைத் தேடித்தான். இரண்டே வரி இருந்தது. நான் மூன்றாவது வரி சேர்த்தேன்: இங்கே மாணவர்களைப் பிரம்பால் அடிப்பது வழக்கம். பொய் இல்லை. ஏழாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் புறங்கையைத் திருப்பச் சொல்லி விரல் மூட்டு மேலேயே போடுவார். மழைக்காலத்தில் சட்டைப் பொத்தான் போட முடியாது. அது எனக்கு எவ்வளவு பெரிய உண்மை தெரியுமா? பதினைந்து நிமிடத்தில் எவனோ ஒருவன், அடையாளம் தெரியாத ஒரு பெயர், 'ஆதாரம் இல்லை' என்று இரண்டு சொல்லில் எடுத்துவிட்டான்.

நான் விடவில்லை. மறுபடி போட்டேன். எடுத்தான். 'என் கையே ஆதாரம்' என்று தொகுப்புச் சுருக்கத்தில், மாற்றத்துக்குக் காரணம் சொல்லும் இடத்தில், எழுதினேன், ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில். ஐந்தாவது தடவை 24 மணி நேரத் தடை. பள்ளியில் அடி வாங்கியதுக்கு இன்னொரு தடவை அடி வாங்கின மாதிரி இருந்தது.

அந்த ஆள் யாரென்று பிறகு தெரிந்தது. நார்வேயிலோ எங்கேயோ உட்கார்ந்து ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பக்கங்களைப் பார்க்கிறவர். என் பள்ளி மேல் அவருக்கு அன்பும் இல்லை, பகையும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயமாக இருந்தது.

ஜூன் 11, மதியம் 1.15

ஒரு சந்தேகம், தப்பாக நினைக்காதீர்கள். நேற்று பதிவு செய்த உங்கள் கணக்கை விடுங்கள். அதற்கு முன்னால், பிப்ரவரியிலிருந்து, கணக்கில்லாமல் வெறும் ஐபி எண்ணிலிருந்து அதே பத்தியை ஏழு தடவை யாரோ நீக்கியிருக்கிறார்கள். அந்த வரலாற்றில் நேரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் காட்டும். கூட்டிப் பார்த்தேன். எல்லாமே காலை 10க்கும் மாலை 4க்கும் நடுவில். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட இல்லை. மே மாதம் முழுக்க ஒன்றுமே இல்லை. ஜூன் 10 பள்ளி திறந்தது, அன்றைக்கே மறுபடி ஆரம்பம்.

பழைய மாணவர் யாரும் இப்படி மணியடித்தாற்போல் வேலை செய்யமாட்டார். நீங்கள் அங்கே வேலை பார்க்கிறீர்கள்தானே?

ஜூன் 13, இரவு 10.05

உங்கள் தனிச்செய்தி வந்தது. இங்கேயே பதில் சொல்லச் சம்மதித்ததற்கு நன்றி சார். பெயர், ஊர் எதுவும் நான் எழுதப் போவதில்லை. நீங்கள் அங்கே கம்ப்யூட்டர் ஆசிரியர், தாளாளர் கூப்பிட்டு 'நெட்ல அசிங்கமா இருக்கு, எடுத்துடுங்க' என்று சொன்னார், எடுக்க முடியவில்லை என்றால் 'என்னய்யா கம்ப்யூட்டர் படிச்சே' என்கிறார். சரி. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். திங்கள் இரவு நான் எழுதின ஆட்டோ, பலசரக்குக் கடை எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மாநில முதலிடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

இனி என்ன செய்வது என்று பார்ப்போம். 2014 ஜூனில் விக்கிமீடியா தன் பயன்பாட்டு விதியை மாற்றியது. சம்பளத்துக்காகவோ முதலாளி சொல்லியோ தொகுக்கிறவர் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். தனியாக இதற்கென்று காசு வாங்கவில்லை என்று நீங்கள் சொல்வது அங்கே எடுபடாது. உங்கள் வேலையின் பகுதியாகச் செய்தாலே அது கூலித் தொகுப்புதான். ஆகவே, உங்கள் பயனர் பக்கத்தில் ஒரே வரி: நான் இந்தப் பள்ளியில் வேலை செய்கிறேன், பள்ளி சொல்லி இதைத் தொகுக்கிறேன். உங்கள் பெயர் போட வேண்டியதில்லை.

அதன் பிறகு கட்டுரையில் கை வைக்காதீர்கள். கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்துக்குப் போய், எந்த வாக்கியம், என்ன மாற்ற வேண்டும், என்ன ஆதாரம் என்று மூன்றையும் எழுதி வேண்டுகோள் வையுங்கள். யாராவது வந்து பார்ப்பார்கள். வாரக்கணக்கில்கூட ஆகலாம். நான் செய்து தரமாட்டேன். இவ்வளவு பேசிவிட்டு நானே போய் ஒப்புதல் கொடுத்தால் இரண்டு பேரும் பேசிவைத்துச் செய்ததாகிவிடும்.

ஆதாரம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். என் பள்ளிப் பக்கத்தில் தொடக்க ஆண்டு 1972 என்று இருக்கிறது. பக்கத்தில் எண் போட்டு ஒரு ஆங்கில நாளிதழின் கட்டுரை. யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். கல்வெட்டையே நான் தினம் பார்த்திருக்கிறேன், பிரார்த்தனை மைதானத்தில் கொடிக்கம்பத்துக்குப் பின்னால். ஆனால் கல்வெட்டை நான் பார்த்தேன் என்பது போதாது, நாளிதழ் இருக்கிறதால்தான் நிற்கிறது. அப்படிக் கொண்டு வாருங்கள்.

ஜூன் 16, காலை 11.00

ஞாயிறு, சாவகாசமாக அந்தக் கட்டணப் பத்தியைப் படித்தேன்.

சார் சொல்வதில் பாதி நியாயம். கட்டுரை மொத்தம் 260 சொல், அதில் 150 சொல் இந்த ஒரே விஷயம். பள்ளி எந்த ஊரில், எத்தனை வகுப்பு வரை, எந்தப் பாடத்திட்டம் என்பதெல்லாம் மீதி 110இல் முடங்கிக் கிடக்கிறது. 2013 ஜூனில் பெற்றோர் வாசலில் உட்கார்ந்தது, யார் முழக்கம் போட்டார்கள், எந்தத் தாசில்தார் வந்தார் வரைக்கும் இருக்கிறது. தனியார் பள்ளிகள் எவ்வளவு வாங்கலாம் என்று குழு நிர்ணயிக்க 2009இல் சட்டம் வந்தபின் இந்த மாதிரி உட்காரல்கள் எத்தனையோ ஊரில் நடந்தன. நடந்தது செய்தி, சரி. அதற்காகப் பள்ளியின் பாதி வாழ்க்கை அதுதான் என்று ஆகிவிடாதே.

ஆனால் முழுக்க எடுக்க முடியாது. இரண்டு நாளிதழ் ஆதாரம் இருக்கிறது, நன்றாகவே நிற்கும். சுருக்கக் கேளுங்கள், நீக்கக் கேட்காதீர்கள். இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் உங்கள் வேலை முழுக்க இருக்கிறது.

எனக்குள் இருக்கிற ஏழாம் வகுப்புப் பையன் 'அப்படியே இருக்கட்டும் விடு' என்றான் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

ஜூன் 16, மதியம் 12.20

இன்னொன்று விட்டுப்போயிற்று. கட்டுரையின் ஓரத்தில் இருக்கும் தகவல் பெட்டியில் 'மெட்ரிகுலேஷன் பள்ளிகள் இயக்ககம்' என்று இருக்கிறது. 2022க்குப் பிறகு அது தனியார் பள்ளிகள் இயக்ககம். இதை வேண்டுகோளில் முதலாவதாக வையுங்கள். சண்டை இல்லாத திருத்தம் ஒன்று முதலில் நடந்தால் அடுத்ததைப் படிக்கிறவர் உங்களை நம்புவார்.

ஜூன் 17, இரவு 8.50

கேட்டீர்களே, 'தாளாளர் பக்கத்தையே மொத்தமாக நீக்கச் சொல்கிறார், முடியுமா' என்று. விசித்திரமாக, இதற்கு வாய்ப்பு இருக்கிறது. முன்பெல்லாம் ஆங்கில விக்கிப்பீடியாவில் உயர்நிலைப் பள்ளி என்று ஒன்று இருந்தாலே பக்கம் தப்பித்துவிடும். 2017இல் பெரிய விவாதம் நடந்து, பள்ளி இருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது, வெளியார் போதுமான அளவு எழுதியிருக்க வேண்டும் என்று முடிவானது. அப்படிப் பார்த்தால் உங்கள் பள்ளியைப் பற்றி வெளியார் எழுதியது என்ன? அந்தக் கட்டணச் செய்திதான்! அதைக் காட்டித்தான் பக்கத்தையே காப்பாற்றுவார்கள். இதைத் தாளாளரிடம் சொல்லும்போது நான் பக்கத்தில் இருந்து பார்க்க ஆசை.

ஜூன் 20, இரவு 11.30

நடுவில் ஒருவர் வந்து 'இவ்வளவு விதி பேசுகிறீர்களே, பெரிய இடத்தில் இதெல்லாம் நடக்குமா' என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். நடந்தது, நடக்காமலும் இருந்தது.

ஐஐபிஎம் என்ற தனியார் மேலாண்மைக் கல்வி நிறுவனம் ஞாபகம் இருக்கிறதா? முழுப் பக்க விளம்பரம், இலவச மடிக்கணினி, ஐஐஎம்முக்கு அப்பால் துணிந்து யோசி என்கிற தோரணை. அங்கீகாரம் இல்லை என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவிப்பு கொடுத்திருந்தது. 2013 பிப்ரவரியில் குவாலியர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி அந்த நிறுவனத்தை விமர்சித்த 73 இணைய முகவரிகளைத் தொலைத்தொடர்புத் துறை முடக்கச் சொன்னது. அந்த மானியக் குழுவின் அறிவிப்புப் பக்கமும் அதில் ஒன்று! அரசாங்கமே அரசாங்கத்தை முடக்கியது.

விக்கிப்பீடியாவில் அதன் பக்கத்தை விமர்சனமே ஒட்டாமல் வருடக்கணக்கில் துடைத்து வைத்திருந்தது யாரோ வழிப்போக்கர் இல்லை, அங்கே நிர்வாகியாகவே இருந்த ஒரு கணக்கு. எல்லா விதியும் தெரிந்த ஆள். ஆதாரம் போதாது, நடுநிலை இல்லை என்று நான் மேலே உங்களுக்குச் சொன்ன அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் மற்றவர்கள் எழுதியதை எடுத்தார். 2015 பிப்ரவரியில் விக்கிப்பீடியாவின் நடுவர் குழு விசாரித்து அந்தக் கணக்கைத் தடை செய்தது. அதற்குள் எத்தனை பேர் அந்தப் பக்கத்தை நம்பிப் பணம் கட்டினார்களோ.

ஆகவே தாளாளர் பயமில்லாமல் இருக்கலாம், அவர் செய்யச் சொன்னது சின்னத் தப்பு.

ஜூன் 21, காலை 7.00

நேற்றைய கடைசி வரி சரியில்லை. சின்னத் தப்பு, பெரிய தப்பு என்று நான் யார் அளக்க.

ஜூலை 2, இரவு 9.15

இன்றைக்கு நல்ல நாள். சார் ஒரு படம் அனுப்பினார், அவர் அனுமதியோடு சொல்கிறேன்.

பள்ளி அலுவலகத்தில் செய்தித் துணுக்குகளை வெட்டி ஒட்டிவைக்கும் பழைய நோட்டு ஒன்று இருந்திருக்கிறது. அதில் மடித்துச் செருகின ஒரு துண்டு, ஒட்டாதது. கூடுதலாக வாங்கிய கட்டணத்தைப் பள்ளி திருப்பித் தர ஆரம்பித்தது என்று நான்கு வரிச் செய்தி. விக்கிப் பக்கத்தில் உட்கார்ந்தது வரைதான் இருக்கிறது, எழுந்தது இல்லை. இதுதான் விடுபட்டிருந்த துண்டு.

கஷ்டம் என்னவென்றால் வெட்டின புண்ணியவான் தேதியை விட்டுவிட்டு வெட்டியிருக்கிறார். நாளிதழின் பெயர் எழுத்து வடிவத்தை வைத்துத் தெரிகிறது, தேதி இல்லை. பின்பக்கம் திருப்பிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அங்கே பாதி ராசிபலன். மேஷம், ரிஷபம் போயே போய்விட்டது, மிதுனத்துக்கு 'வீண் அலைச்சல்'. அதற்கு மேலே கத்தரி தப்பவிட்ட ஒரு வரி: விஜய வருடம், ஆனி 14, வெள்ளிக்கிழமை. விஜய வருடம் 2013 ஏப்ரலில் பிறந்தது. ஆனி 14 என்றால் ஜூன் 28. நாட்காட்டியில் பார்த்தேன், வெள்ளிதான்.

ஜூலை 2, இரவு 9.40

சேர்க்க மறந்தது: இணையத்தில் இல்லாத செய்தியும் ஆதாரம்தான். நாளிதழ் பெயர், பதிப்பு, தேதி, பக்க எண் வேண்டும். பக்க எண்ணுக்கு மாவட்ட மைய நூலகத்தில் பழைய கட்டு இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். தேதியையும் அங்கேயே உறுதி செய்யுங்கள். மிதுன ராசியை மேற்கோள் காட்ட முடியாது.

ஜூலை 7, மாலை 6.00

நூலகத்தில் கிடைத்துவிட்டது. ஜூன் 28 சரி, பக்கம் 5. சார் வேண்டுகோள் வைத்தார், அதிசயமாக மூன்றாம் நாளே ஒருவர் வந்து பார்த்தார். இயக்ககத்தின் பெயர் மாறிற்று. கட்டணப் பத்தி மூன்று வாக்கியமாக ஆயிற்று: குழு நிர்ணயித்ததைவிடக் கூடுதலாக வாங்கியதாகப் பெற்றோர் போராடினர், அதிகாரிகள் பேசினர், பள்ளி திருப்பித் தரத் தொடங்கியது. நீச்சல் குளம் நிராகரிக்கப்பட்டது. மாநில முதலிடத்தைச் சார் கேட்கவே இல்லை.

தாளாளர் என்ன சொன்னார் என்று கேட்டேன். மூன்று வாக்கியத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, 'திருப்பிக் குடுத்தது வந்திருக்கா, அப்ப இருக்கட்டும்' என்றாராம். எனக்கு அந்த மனிதரைக் கொஞ்சம் பிடித்துப்போய்விட்டது.

ஜூலை 14, இரவு 10.30

இப்போது என் கதை.

அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பரண் ஒழிக்கிறார்கள். அவளும் அதே பள்ளி. பழைய நோட்டுகளுக்கு நடுவில் எங்கள் பள்ளியின் வெள்ளி விழா மலர். அட்டையில் வெள்ளி எழுத்து உதிர்ந்து பாதிதான் இருக்கிறது. ஆண்டு 1994.

25ஐக் கழியுங்கள். 1969.

உள்ளே பழைய தலைமையாசிரியையின் கட்டுரை ஒன்று: அரிசி ஆலையை ஒட்டிய கிடங்கில் 11 குழந்தைகளோடு நர்சரியாகத் தொடங்கியது, தவிடு பறந்து வந்து கரும்பலகையில் ஒட்டும், மூன்று வருடம் கழித்து இப்போதைய இடத்துக்கு வந்து கட்டடத்துக்குக் கல் நாட்டியது. நான் தினமும் பார்த்த கல் அந்தக் கட்டடத்தின் கல். பள்ளியின் கல் இல்லை. பத்து வருடம் அதன் முன்னால் வெயிலில் நின்றிருக்கிறேன், மேலே இருக்கிற 'கட்டடம்' என்ற சொல்லை ஒரு நாளும் படித்ததில்லை.

ஜூலை 14, இரவு 11.55

இன்னும் மோசம். ஜூன் 13இல் நான் பெருமையாகச் சொன்னேனே, 1972க்கு நாளிதழ் ஆதாரம் இருக்கிறது என்று. போய் வரலாற்றைத் தோண்டினேன். நாளிதழ்க் கட்டுரை 2014. அந்த ஆண்டைப் பக்கத்தில் முதன்முதலில் சேர்த்தது 2011இல். ஆதாரம் எதுவும் இல்லாமல். சேர்த்தவர் பெயர், என் பெயர்.

புரிகிறதா? நான் கல்வெட்டை அரைகுறையாக ஞாபகம் வைத்து 1972 என்று போட்டேன். மூன்று வருடம் யாரும் கவனிக்கவில்லை. செய்தியாளர் அவசரத்தில் விக்கியைப் பார்த்து எழுதியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது, வேறெங்கும் அந்த ஆண்டு கிடைக்கவில்லை. அப்புறம் யாரோ நல்லவர் 'சான்று தேவை' என்று இருந்த இடத்தில் அந்தச் செய்தியையே சான்றாகச் செருகிவிட்டார். என் தப்பு ஒரு சுற்றுச் சுற்றி, கோட்டும் டையும் போட்டுக்கொண்டு என்னிடமே திரும்ப வந்திருக்கிறது. நான் அதை உங்களுக்கு உதாரணமாக வேறு காட்டினேன்.

பள்ளியின் பொன்விழா 2019இல் வந்திருக்க வேண்டும். கொண்டாடினார்களா, அல்லது விக்கியைப் பார்த்துவிட்டு 2022 வரை காத்திருந்தார்களா? கேட்கப் பயமாக இருக்கிறது.

ஜூலை 16, காலை 8.00

இன்று கும்பகோணம் தீ விபத்து நடந்து 20 வருடம். 94 குழந்தைகள். சமையல் கொட்டகையில் பிடித்த நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவியது. நேற்று ஒருவர் இங்கே 'பள்ளிப் பக்கத்தில் நல்லதை மட்டும் போட்டால் என்ன குறைந்துவிடும்' என்று எழுதியிருந்தார். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், இதற்கு மேல் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 21, இரவு 9.30

1972ஐ எடுத்துவிட்டு 1969 போட்டேன், வெள்ளி விழா மலரை மேற்கோள் காட்டினேன். இருபது நிமிடம். மீளமைத்துவிட்டார்கள். காரணம்: 'நாளிதழ் ஆதாரமுள்ள தகவலை நீக்க வேண்டாம். பள்ளி தானே வெளியிட்டதைவிட வெளியார் ஆதாரம் மேல்.' ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நான் ஆயிரம் பேருக்குச் சொன்ன அதே வாக்கியம்.

மறுபடி போடக் கை துறுதுறுத்தது. அதற்குள் கம்ப்யூட்டர் சாரிடமிருந்து தனிச்செய்தி, அவர் அந்தப் பக்கத்தைத் தன் கவனிப்புப் பட்டியலில் போட்டு வைத்திருக்கிறாராம்:

"சார், கட்டுரையில் கை வைக்காதீர்கள். பேச்சுப் பக்கத்துக்குப் போய் எந்த வாக்கியம், என்ன மாற்றம், என்ன ஆதாரம் என்று மூன்றும் எழுதுங்கள். 2011இல் சேர்த்தது நீங்கள்தான் என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்."

மலரின் அட்டையையும் அந்தப் பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அக்கா வீட்டில் விளக்கு மங்கல், நாளைக் காலை மறுபடி எடுக்க வேண்டும்.